தம் உடலையே சோதனைக்கூடமாக்கிய ஹால்டேன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறு என்றால் நியூட்டன், ஐன்ஸ்டீன், சர் சி.வி. இராமன் ஆகியோரைப் பற்றி எழுதுவதே ஆண்டு மலர்களின் வழக்கம். அவர்கள் போற்றுதலுக்குரியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான் இங்கு எடுத்துக்கொண்டிருப்பவர் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்னும் பெருமகனார். விலங்கியல் மாணவர்கள் பரிணாமப் பாடத்தில் அவர் பெயரைப் படித்திருப்பார்கள். இயற்பியல், வேதியியல் மாணவர்கள் அவரை அவ்வளவாக அறியார். திரவத்தில் வாயு எவ்வாறு கரைகிறது, குமிழி எவ்வாறு பிறந்து வளர்கிறது, எவ்வாறு கரைந்து மறைகிறது என்னும் கேள்விகளைப் புத்தகத்தில் மட்டும் படிக்காமல், தம் உடம்பிலேயே அனுபவித்து அறிந்தவர் அவர். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக நம் மண்ணில் மறைந்தவர்.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. நான் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். என் தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பூமிக்கு அடியிலும் நீருக்கு அடியிலும் இறங்கி உழைக்கும் மனிதனின் மூச்சுக்கு என்ன நேர்கிறது என்று கவலைப்பட்டு, விடை காணத் தாமே உள்ளே இறங்கிய விஞ்ஞானிகள் இருவர். ஒருவர் தந்தை, மற்றவர் மகன். அவர்களுடைய கதையைப் படித்தபோது அது எங்கள் வீட்டுக்கும் சொந்தமான கதை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

சோடா புட்டி தரும் பாடம்

ஹால்டேனைப் புரிந்துகொள்ள முதலில் குமிழியைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு கோலி சோடா வாங்கினால் போதும்.

மூடிய புட்டிக்குள் இருக்கும் நீர் தெளிவாக இருக்கிறது. அதில் குமிழி ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் அதே நீரில் ஏராளமான கரியமில வாயு கரைந்திருக்கிறது. திரவத்தின் மேல் ஒரு வாயு எவ்வளவு அழுத்தத்தோடு இருக்கிறதோ, அதற்கு நேர்விகிதத்தில் அது திரவத்தில் கரையும் என்பது வில்லியம் ஹென்றி 1803-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி. கடைக்காரர் கோலியை உள்ளே தள்ளிய கணமே மேலிருந்த அழுத்தம் வெளியேறிவிடுகிறது. இப்போது நீரில் இருக்கும் வாயு, அந்த அழுத்தத்தில் இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகம். இதை மிகைதெவிட்டிய நிலை என்கிறோம். மிகுதியான வாயு வெளியேற வழி தேடுகிறது. குமிழிகள் பிறக்கின்றன.

குமிழி நீரின் நடுவே சும்மா தோன்றிவிடுவதில்லை. புட்டியின் சுவரிலுள்ள கீறல், ஒட்டியிருக்கும் தூசு ஆகியவற்றில் ஏற்கெனவே சிக்கியிருக்கும் நுண்ணிய வாயுத் துளியே பெரும்பாலும் அதற்கு வித்தாகிறது. சுற்றிலுமுள்ள நீரில் கரைந்திருக்கும் வாயு மூலக்கூறுகள், செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடம் நோக்கிப் பரவுகின்றன. பரவி வந்து குமிழிக்குள் நுழைகின்றன. குமிழி பருக்கிறது. இந்தப் பரவலுக்குரிய விதியை அடால்ஃப் ஃபிக் என்பவர் 1855-இல் வகுத்தார்.

இதன் மறுபக்கமும் உண்டு. நீரின் பரப்பு இழுவிசை குமிழியை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கிறது. குமிழி சிறிதாகச் சிறிதாக நெருக்கம் கூடுகிறது. ஒரு மைக்ரான் ஆரமுள்ள காற்றுக் குமிழிக்குள் வெளியில் இருப்பதைவிட ஏறத்தாழ 1.4 வளிமண்டல அழுத்தம் அதிகம் என்பதை நம் முதலாண்டுச் சூத்திரத்தைக் கொண்டே கணக்கிடலாம். ஆகவே மிகச்சிறு குமிழி, காற்று தெவிட்டிய நீரில்கூட நிலைத்திருக்க முடியாது. உள்ளிருக்கும் வாயு நீருக்குள் பரவி, குமிழி கரைந்துவிடும். 1950-இல் எப்ஸ்டீன், பிளெசெட் என்னும் இருவர் இந்த வளர்ச்சியையும் கரைவையும் கணித முறையில் விளக்கினர். காற்று நீக்கிய நீரில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ ஒரு விநாடியில் மறையும். ஆரம் பத்து மடங்கானால் மறையும் நேரம் நூறு மடங்காகும். அதாவது இரண்டு நிமிடம்.

சிறியது அழியும், ஒரு வரம்பைத் தாண்டியது, சுற்றிலும் மிகுதியான வாயு இருக்கும்வரை வளரும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

மனிதனும் ஒரு சோடா புட்டியே

நம் உடலில் பெரும்பகுதி நீர். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரண நிலையில் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் சுமார் ஒரு லிட்டர் நைட்ரஜன் கரைந்திருக்கிறது. அது நமக்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் நான்கு மடங்கு. அங்கே நெடுநேரம் அமுக்கிய காற்றைச் சுவாசித்து வேலை செய்பவரின் உடலில் நைட்ரஜனும் நான்கு மடங்கு சேரும். அவர் திடீரென்று மேலே வந்தால் என்ன ஆகும்? கோலியைத் தள்ளிய சோடா புட்டியின் கதிதான். இரத்தத்திலும் மூட்டுகளிலும் நரம்புத் திசுக்களிலும் குமிழிகள் வளரும். மூட்டுவலி, பக்கவாதம், சில வேளைகளில் மரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய ஆற்றுப் பாலங்கள் கட்டியபோது இந்த நோய் பரவலாகத் தலைகாட்டியது. ஆற்றின் அடியில் தூண் அமைப்பதற்கு, அடிப்பாகம் திறந்த பெரிய பெட்டியை இறக்கி, நீர் புகாதபடி உள்ளே காற்றை அமுக்கி நிரப்பி, அதற்குள் தொழிலாளர்கள் மண்ணை வெட்டினார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் அவ்வாறு உழைத்தோர் பலர் முடமாயினர். தலைமைப் பொறியாளரான வாஷிங்டன் ரோப்ளிங் என்பவரே 1872-இல் நோயாளியானார். நம் நாட்டில் கல்கத்தாவின் ஹவுரா பாலத்துக்கு அடித்தளம் இட்டபோதும் ஒரு கரையில் இதே முறை கையாளப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் என்பவர் 1878-இல் வெளியிட்ட நூலில், இந்நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழிகளே என்று நிறுவினார்.

இதை வீட்டில் விளக்கிச் சொன்னபோது, அப்படியானால் கிணற்றுக்குள் வேலை செய்யும் தமக்கும் இந்த நோய் வருமா என்று என் தந்தையார் கேட்டார். வராது. கிணறு திறந்திருக்கிறது. நூறு அடி ஆழத்தில்கூட மேலிருக்கும் காற்றுத் தூணின் எடையால் அழுத்தம் நூற்றில் அரைப்பங்குகூடக் கூடுவதில்லை. கிணற்றில் இருக்கும் ஆபத்து வேறு. அதை ஆராய்ந்தவரும் ஹால்டேன்தான். மகன் அல்லர், தந்தை.

தந்தையின் வழியில்

ஜான் ஸ்காட் ஹால்டேன் (1860–1936) என்பவர் மூச்சைப் பற்றி ஆராய்ந்த உடலியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கி, அங்கு மனிதரைக் கொல்லும் வாயுக்கள் எவை என்று கண்டறிந்தவர். சுரங்க வெடிப்புக்குப்பின் இறந்தவர்களில் பெரும்பாலோரை நெருப்பு கொல்லவில்லை, கார்பன் மோனாக்சைடு கொன்றது என்று காட்டியவர். ஆபத்தை முன்கூட்டி அறியச் சிறு பறவைகளையும் எலிகளையும் உடன் கொண்டுசெல்லும் வழக்கத்தை ஏற்படுத்தியவரும் அவரே.

இத்தகையவருக்கு 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் நம் கதாநாயகர் பிறந்தார். தந்தை மகனைப் பொம்மைக் கடைக்கு அழைத்துச் சென்றதைவிடச் சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றதே அதிகம் போலும். ஒருமுறை சுரங்கத்தின் கூரையருகே எரிவாயு தங்கியிருந்த இடத்தில் மகனை எழுந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு பகுதியை ஒப்பிக்கச் செய்தார். சிறிது நேரத்தில் சிறுவனுக்கு மூச்சு வாங்கியது, கால்கள் தள்ளாடின, கீழே விழுந்தான். தரையருகே நல்ல காற்று இருந்ததால் தெளிந்து எழுந்தான். மீத்தேன் காற்றைவிட இலேசானது என்னும் பாடத்தை அவன் பிறகு மறந்திருக்க வழியில்லை.

மூழ்கித் தொழில் புரிவோரின் நோயைத் தடுக்க வழி காணுமாறு ஆங்கிலக் கடற்படை தந்தை ஹால்டேனைக் கேட்டுக்கொண்டது. அவர் இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்தார். அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால் ஆடுகள் வலியால் முன்னங்காலைத் தூக்கி நின்றன. அழுத்தத்தை ஒரேயடியாகக் குறைக்காமல் ஏறத்தாழப் பாதியாக்கி, அங்கே சிறிது தங்கி, மீண்டும் குறைத்தால் அவற்றுக்குத் தீங்கில்லை. காரணம் பரவல்தான். தங்கும் நேரத்தில் திசுக்களிலுள்ள நைட்ரஜன் இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து நுரையீரலுக்கும் அமைதியாக வெளியேறிவிடுகிறது. குமிழியாக வளர வாய்ப்பில்லை. ஆனால் எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் வாயுவை விடுவதில்லை. கொழுப்பில் நைட்ரஜன் நீரில் கரைவதைப்போல ஐந்து மடங்கு கரையும். அது வெளியேற நேரமாகும். ஆகவே உடலை ஐந்து வகைத் திசுக்களாகப் பிரித்து, 5 நிமிடம் முதல் 75 நிமிடம் வரை அரை நேரம் வகுத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கி ஏற வேண்டும் என்று அட்டவணை தயாரித்தார். பாய்காட், டாமன்ட் ஆகியோருடன் சேர்ந்து 1908-இல் அதை வெளியிட்டார். கடற்படை அதை ஏற்றுக்கொண்டது. அந்த அட்டவணை காத்த உயிர்கள் பல.

1906-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இந்தச் சோதனைகள் நடந்தபோது 13 வயது மகனும் மூழ்கு உடை அணிந்து கடலுக்குள் இறங்கினான். உடை பெரியவர்களுக்குத் தைத்தது, சிறுவனுக்குப் பொருந்தவில்லை. தண்ணீர் உள்ளே புகுந்தது. அவன் பதறாமல் வேண்டிய நேரம் இருந்துவிட்டே மேலே வந்தான்.

விஞ்ஞானப் பட்டம் பெறாத விஞ்ஞானி

இளைய ஹால்டேன் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். கணிதத்தில் முதல் வகுப்புத் தேறினார். பின்னர் கிரேக்க இலத்தீன் இலக்கியமும் தத்துவமும் படித்து அதிலும் முதல் வகுப்புப் பெற்றார். விஞ்ஞானத்தில் அவர் பட்டம் எதுவும் வாங்கவில்லை! தேர்வு மதிப்பெண்ணைக் கண்டு அஞ்சும் நம் போன்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் பட்டம் இல்லாமலே அவருக்குச் சோதனைக்கூடம் தொட்டிலிலேயே கிடைத்தது என்பதையும் மறக்கலாகாது. வீட்டில் அப்படி ஒரு தந்தை இல்லாத நமக்குக் கல்லூரியின் சோதனைக்கூடமும் பேராசிரியர்களுமே அந்த இடத்தை நிரப்புகிறார்கள்.

முதல் உலகப் போரில் படைவீரராகிக் காயமுற்றார். மெசபடோமியாவில் பட்ட காயம் ஆற 1917-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அதுவே அவர் நம் நாட்டைக் கண்ட முதல் தடவை. ஆளும் இனத்தவராக அன்றி நண்பராகவே மீண்டும் வர வேண்டும் என்னும் எண்ணம் அப்போதே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

போர் முடிந்ததும் ஆக்ஸ்போர்டிலும், 1923 முதல் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பணியாற்றினார். டார்வினின் இயற்கைத் தேர்வை மெண்டலின் மரபியலோடு கணிதத்தால் இணைத்த மூவருள் அவர் ஒருவர். ஃபிஷர், ரைட் ஆகியோர் மற்ற இருவர். பிறர் மேல் செய்யத் தயங்கும் சோதனையைத் தம்மேல் செய்துகொள்வது அவர் கொள்கை. இரத்தத்தின் அமிலத்தன்மையை மாற்றிப் பார்க்க அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்தார். அதனால் மூச்சு வாங்கித் திணறினார். அந்த அறிவு பின்னர், இரத்தம் காரத்தன்மை மிகுந்து வலிப்புக் கண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சையாயிற்று.

முதுகுத்தண்டில் ஒரு குமிழி

1939-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் லிவர்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டம் விட்ட தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியது. உள்ளே 103 பேர். தப்பியோர் நால்வர் மட்டுமே. இறந்த 99 பேரில் கப்பல் கட்டும் தொழிலாளரும் இருந்தனர். அவர்கள் ஏன் தப்ப முடியவில்லை என்று ஆராயுமாறு தொழிற்சங்கங்கள் ஹால்டேனைக் கேட்டுக்கொண்டன. அவர் தம் நண்பர் நால்வரோடு ஓர் எஃகு அறைக்குள் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்து, கரியமில வாயு ஏற ஏற மனிதனின் மூச்சும் மூளையும் எவ்வாறு தடுமாறுகின்றன என்று குறித்தார்.

அதன்பின் கடற்படைக்காகப் பல ஆண்டுகள் சோதனைகள் தொடர்ந்தன. மார்ட்டின் கேஸ் என்பவரும், பின்னாளில் ஹால்டேனின் துணைவியாரான ஹெலன் ஸ்பர்வேயும் இவற்றில் பங்குகொண்டனர். பத்து மடங்கு அழுத்தத்தில் நைட்ரஜன் மனிதனை மது அருந்தியவன்போல் மயக்குகிறது. எளிய கூட்டல் கணக்குகூட வருவதில்லை. பிராண வாயுவே அதிக அழுத்தத்தில் நஞ்சாகி வலிப்பைத் தருகிறது. இவற்றையெல்லாம் அவர்கள் தம் உடலில் வரவழைத்துப் பார்த்தார்கள். ஹால்டேனின் செவிப்பறைகள் கிழிந்தன. வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு அடிபட்டது.

நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்துவிட்டு அழுத்தத்தைக் குறைத்தபோது அவர் முதுகுத்தண்டில் ஒரு குமிழி உண்டாயிற்று. அதன் வலி அவரை ஆயுள் முழுதும் விடவில்லை. நாற்காலியில் நிம்மதியாக உட்காரவும் முடியாமற்போயிற்று.

இங்கே இயற்பியல் மாணவனாகிய எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. குமிழி கரையக்கூடியதாயிற்றே, எப்படி ஆயுள் முழுதும் தங்கும்? விடை இதுதான். சுற்றியுள்ள திசுவிலிருந்து மிகுதியான வாயு நீங்கியதும் குமிழியும் பரவல் விதிப்படி கரைந்தே தீரும். அது ஆண்டுக்கணக்கில் இருக்க முடியாது. ஆனால் இருந்த சிறிது நேரத்தில் அது நெருக்கிச் சிதைத்த நரம்பு மீண்டும் வளர்வதில்லை. குமிழி போனாலும் வடு போகவில்லை. அதனால்தான் இன்றும் இந்நோய் கண்டவரை உடனே அழுத்த அறையில் வைத்து, குமிழியைச் சுருக்கி, தூய பிராண வாயுவைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். சுவாசக் காற்றில் நைட்ரஜனே இல்லாதபோது உடலிலுள்ள நைட்ரஜன் விரைந்து வெளியே பரவும். குமிழி கரையும். தாமதித்தால் வடு நிலைத்துவிடும்.

இந்தியக் குடிமகன்

ஹால்டேன் குறையே இல்லாதவர் அல்லர். பொதுவுடைமைக் கட்சியில் ஈடுபட்டிருந்த காலத்தில், சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மரபியலையே சிதைத்தபோது அதைத் துணிந்து கண்டிக்கத் தயங்கினார். நச்சு வாயுவுக்கு அஞ்சாதவர், தம் தோழர்களுக்கு எதிராகப் பேச அஞ்சினார் என்பது வருந்தத்தக்கது. 1950-ஐ ஒட்டி அக்கட்சியிலிருந்து விலகினார்.

1957-இல் துணைவியாருடன் இந்தியாவுக்கு வந்தார். பேராசிரியர் மகலனோபிஸ் அழைப்பின்பேரில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். மரக்கறி உணவு உண்டார். இந்தியக் குடியுரிமை பெற்றார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமலே செடிகளையும் பறவைகளையும் பூச்சிகளையும் கூர்ந்து நோக்கி எண்ணிக் கணக்கிட்டால் சிறந்த ஆராய்ச்சி செய்யலாம் என்று இளைஞர்களுக்குக் கற்பித்தார். சென்னையிலிருந்து வெளிவரும் இந்து நாளிதழில் எளிய நடையில் கட்டுரைகள் எழுதினார். 1962-இல் புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்து, ஒரிசா அரசின் ஆதரவில் மரபியல் ஆய்வகம் ஒன்றை அமைத்தார்.

புற்றுநோய் அவரைப் பற்றியது. அதைக்கூட நகைச்சுவைக் கவிதையாக்கி, நோயின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்க வேண்டாம் என்று மக்களுக்கு உணர்த்தினார். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் புவனேசுவரத்தில் தமது 72-ஆம் வயதில் மறைந்தார். அவர் விருப்பப்படி அவர் உடல் ஆந்திராவின் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. உயிரோடு இருந்தபோது சோதனைக்கூடமாயிருந்த உடல், இறந்தபின் மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று.

நமக்கு உரிய பாடம்

ஹால்டேன்களின் அட்டவணை பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. பாதுகாப்பாக மேலே வந்தவர்களின் இரத்தத்திலும் சிறு குமிழிகள் ஓடுவதைப் புறவொலிக் கருவிகள் காட்டியுள்ளன. ஆயினும் திசுக்களைப் பிரித்துக் கணக்கிடும் அடிப்படை முறை, இன்றைய மூழ்குவோர் கையில் கட்டும் கணிப்பொறியிலும் வாழ்கிறது. தூத்துக்குடிக் கடலில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்களின் வழியில் வந்தோர், படகிலிருந்து குழாய் வழியே அமுக்கிய காற்றைச் சுவாசித்து மூழ்கும்போது, இந்த அட்டவணையை அறிந்திருப்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. மூச்சடக்கிக் குளித்த முன்னோர் கொண்டுசென்றது ஒரு மூச்சு நைட்ரஜன் மட்டுமே. குழாயில் வரும் காற்றோ கணக்கின்றிக் கரைகிறது. தொழில் அதேதான், ஆபத்து புதிது.

நம் மாவட்டங்களில் கோடைதோறும் கிணறு தூர்வாரும் வேலை நடக்கிறது. பாழுங்கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்தார் என்னும் செய்தியை நாம் கேள்விப்படாமல் இல்லை. என் தந்தையார் பழங்கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது வழக்கம். காற்றில் 21 பங்கு இருக்க வேண்டிய பிராண வாயு ஏறத்தாழ 17 பங்காகக் குறைந்தால் சுடர் அணையும் என்று மூத்த ஹால்டேன் அளந்து சொன்னார். எழுத்தறியாத என் பாட்டனார் காலத்து வழக்கமும் ஆக்ஸ்போர்டு அறிஞரின் அளவையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஆனால் அதே விஞ்ஞானம் மேலும் ஒன்று சொல்கிறது. விளக்கு எரிந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம்; கிணற்றுக்குள் இறக்கிய எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். விளக்கு அதைக் காட்டாது. எஞ்சினை உள்ளே ஓட்டக் கூடாது. காற்றைச் செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்தாமல் யாரும் இறங்கக் கூடாது. இதைச் சொன்னபிறகு என் தந்தையாரின் குழுவினர் இடுப்புக் கயிறு இல்லாமல் இறங்குவதில்லை. நான் கல்லூரியில் படித்ததில் எங்கள் தெருவுக்கு உடனே பயன்பட்டது இதுவே.

நண்பர்களே! நம்மில் பலருடைய பெற்றோர் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள், கிணறு தோண்டுகிறார்கள், வயலில் மருந்து தெளிக்கிறார்கள். அவர்கள் சுவாசிப்பது என்ன, அது உடலில் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கே முதலில் உண்டு. ஹால்டேனைப்போல் நம் உடலை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. அவர் வருத்திக்கொண்டு கண்டறிந்ததைக் கற்று, உழைப்போர் வீட்டுக்கு அவர்களுடைய மொழியில் எடுத்துச் சென்றால், அதுவே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.